மூஞ்சூறு எலியன்று

கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு அறுவடையாகி வீடு சேர்ந்ததும் தானியக் குதிரண்டை கருவாட்டுத் துண்டு செருகிய பொறி வைக்கும் குடியானவர் பலர். விடிந்து பார்க்குங்கால் அதில் எலிக்குப் பதிலாகச் சிலவேளை மூஞ்சூறு சிக்கியிருக்கும். எதுவாயினும் ஒன்று ஒழிந்ததே என்று எறிந்துவிடுவர். இது நஷ்டக் கணக்காகும்.

மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததன்று. எலியின் முன்பற்கள் உளி போன்றவை. ஆயுள் முழுதும் வளர்வன. ஆதலின் அது எதையேனும் கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். மூஞ்சூற்றின் பற்களோ பூச்சியின் ஓட்டை நொறுக்குதற்கு ஏற்ற கூரிய சிறு பற்கள். சாக்கை அறுக்கவும் கதவைத் துளைக்கவும் உதவா. கரப்பான், பாச்சை, வண்டு, மண்புழு ஆகியவையே அதன் முக்கிய ஆகாரம். இரவெல்லாம் இரைதேடி அலையும். நெடுநேரம் பட்டினி தாங்காது. சிந்திய சோற்றையும் தின்னுமெனினும், குதிரண்டை அது வருவது பெரும்பாலும் பூச்சியை நாடியே.

வாய்க்கு அப்பால் நீண்ட மூக்கு, கடுகளவு கண், அடி பருத்த வால் ஆகியவற்றால் இதனை எளிதில் அறியலாம். விலாப்புறச் சுரப்பிகளினின்று எழும் நெடி பற்றி ஆங்கிலேயர் இதனையும் கஸ்தூரி எலி என்றழைத்தனர். மெய்யான கஸ்தூரி எலி வட அமெரிக்க நீர்நிலைகளுக்குரியது, ரோமத்திற்காகப் பிடிக்கப்படுவது. மூடிய சீசாவின்மேல் மூஞ்சூறு ஓடினால் உள்ளிருக்கும் பானமும் நாறும் என்று அக்காலத்துத் துரைமார் நம்பியது வெறும் பிரமை. பூனை இதனைக் கொன்றும் தின்னாது விடுவது மட்டும் அந்நெடியினாலேயே.

கருக்காலம் சுமார் 30 நாட்கள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் 2 முதல் 4 குட்டிகள் பிறக்கும். இடம் பெயருங்கால் ஒரு குட்டி தாயின் வாலடியைக் கவ்வ, அதன் பின்புறத்தை மற்றொன்று கவ்வ, யாவும் ஒரே சரமாய்ச் சுவரோரம் ஓடும். இருளில் காண்போர் பாம்பென மயங்குதல் கூடும். தாய் பொறியில் மாண்டால் அக்குட்டிகளும் மடியும்.

எனவே பொறியில் கருவாட்டை விடுத்து, சுட்ட தேங்காய்ச் சில்லையோ வறுத்த வேர்க்கடலையையோ செருகுதல் நலம். எலி வரும், மூஞ்சூறு அவ்வளவாக நாடாது. கூண்டுப் பொறியாயின் அகப்பட்ட மூஞ்சூற்றை வெளியே விட்டுவிடலாம். விதைத் தானியம் சேமிக்கும் பொதுக் கிடங்குகளிலும் இம்முறையே தக்கது.

இப்பிராணியிடம் குறையே இல்லை என்பதன்று. பொரித்த கோழிக்குஞ்சைக் கடிப்பதுண்டு. இரவில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தால் இடைவெளியின்றி மூடுக. எலியைப் போலவே இதன் உடம்பிலும் தெள்ளுப்பூச்சி தங்குமாதலால், இறந்ததை வெறுங்கையால் தொடாது மண்வெட்டியால் எடுத்து ஆழப் புதைத்தல் வேண்டும்.