தலைக்காயமும் தொழிலாளர் இழப்பீடும்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்குக் கட்டைவிரல் போய்விட்டால் அவருடைய சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகச் சட்டத்தின் அட்டவணையே கூறுகிறது. ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50 சதவீதம். மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண் மட்டும் போனால் 40 சதவீதம். இரு கண் பார்வையும் போனால் 100 சதவீதம். இந்தக் காயங்களுக்கு அதிகம் வாதாட வேண்டியதில்லை. பார்த்தாலே தெரியும், பட்டியலிலும் இருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டியல் முழுவதையும் படித்தாலும் 'மூளை' என்ற சொல் வராது. தலையில் அடிபட்டு நினைவு குன்றியவருக்கும், வலிப்பு வந்தவருக்கும், குணம் மாறிப் போனவருக்கும் இவ்வளவு சதவீதம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இழப்பீடு கிடையாது என்று இதற்குப் பொருள் அல்ல. அந்தச் சதவீதத்தை ஒரு மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும், நாம் அதை நிரூபிக்க வேண்டும் என்பதே பொருள். நம்மவர்கள் பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

எலப்புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம் சங்க உறுப்பினர்கள் நன்கு அறிவார்கள். ஒரு பக்கம் கஞ்சிக்கோட்டின் இரும்பு உருக்கு ஆலைகளும் தொழிற்சாலைகளும். மறுபக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புகள், கள் இறக்கும் வேலை, கட்டட வேலை, சுமைப்பணி. பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் இவை எல்லாவற்றிலும் இருக்கின்றன. இந்த வேலைகளில் உயரத்திலிருந்து விழுவதும், மேலிருந்து பொருள் தலையில் விழுவதும் என்றும் இருக்கும் அபாயம். ஓய்வு பெற்ற பின் என்னிடம் மனு எழுதிக் கேட்டு வருவோரில் இத்தகைய குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கு பாடமாக எழுதுகிறேன்.

ஒரு ரயில்வே மேஸ்திரியின் கதை

மூளைக்காயத்தைப் பற்றிய மருத்துவ நூல்களில் தவறாமல் வரும் ஒருவர் ரயில்வேக்காரர். பெயர் பினியாஸ் கேஜ். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதை போடும் வேலையில் மேஸ்திரியாக இருந்தார். 1848 செப்டம்பர் 13 அன்று பாறைத் துளையில் வெடிமருந்தை இடித்துக்கொண்டிருந்தபோது மருந்து வெடித்தது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கடப்பாரை அவருடைய கன்னத்தின் வழியாகப் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. அவர் பிழைத்தார். சில மாதங்களில் நடந்தார், பேசினார். ஆனால் பொறுமையும் பொறுப்பும் உள்ளவர் என்று பெயர் வாங்கியிருந்த மனிதர் முன்கோபியாகவும் எதிலும் நிலைக்காதவராகவும் மாறிவிட்டதாக அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ எழுதி வைத்தார். முன்பு அவரை மெச்சிய நிறுவனம் மீண்டும் மேஸ்திரி வேலை தரவில்லை. 1860-இல் அவர் காலமானார்.

கை, கால், கண் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மனிதன் தன் வேலைக்குத் தகுதியற்றவனாகிவிட முடியும் என்பதற்கு இது சான்று. அந்நாளில் இழப்பீட்டுச் சட்டம் எங்கும் இல்லை. ஜெர்மனியில் 1884-இலும், இங்கிலாந்தில் 1897-இலும், இந்தியாவில் 1923-இலும்தான் அப்படிப்பட்ட சட்டங்கள் பிறந்தன.

சட்டம் சொல்வது

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2010 முதல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. பிறகு 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் ஏற்பட்ட விபத்துக்கு முதலாளி பொறுப்பு. அவர் மீது குற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல் போன்ற விலக்குகள் உண்டு. ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த விலக்குகளும் பொருந்தா. பனை, தென்னை வகை மரங்களில் கள் இறக்குவோரும் கட்டடத் தொழிலாளிகளும் இதில் அடங்குவர். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தாலும், அந்த வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம்.

சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவையும் முதலாளி தர வேண்டும். இது இழப்பீட்டுக்குப் புறம்பானது. ஆகவே மருந்துக் கடைச் சீட்டு முதல் எல்லா ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்களுக்கு வழி வேறு. இதற்கான ஊதிய வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு சதவீதம் நிர்ணயித்து மாதாமாதம் தொகை வரும். இ.எஸ்.ஐ.யில் பெறுவோர் அதே காயத்துக்கு முதலாளியிடமும் இழப்பீடு கேட்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நிரந்தர முழு ஊனத்துக்கான சூத்திரம் எளிது. மாத ஊதியத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு உரிய காரணியால் பெருக்க வேண்டும். மரணமானால் 50 சதவீதம். 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தபடி கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்ச ஊதியம் 15,000 ரூபாய்.

வயது 35, மாத ஊதியம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த வயதுக்குக் காரணி 197.06. பதினைந்தாயிரத்தில் 60 சதவீதம் 9,000. பெருக்கினால் 17,73,540 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. மருத்துவர் சம்பாதிக்கும் திறன் இழப்பை 40 சதவீதம் என்று எழுதினால் 7,09,416 ரூபாய். வெறும் 10 சதவீதம் என்று எழுதினால் 1,77,354 ரூபாய். மனிதர் ஒருவரே, காயமும் ஒன்றே. ஒரு காகிதத்தில் எழுதப்படும் எண்தான் குடும்பத்தின் எதிர்காலத்தை மாற்றுகிறது.

உடல் ஊனமும் சம்பாதிக்கும் திறனும்

இவை இரண்டும் ஒன்றல்ல என்பதை எல்லோரும் மனதில் பதிய வைக்க வேண்டும். ஒரு கை போன தச்சர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு 100 சதவீத இழப்பே என்று 1975-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இழப்பீடு விபத்து நாளிலிருந்தே கடனாகிவிடுகிறது என்றும் கூறியது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு. தக்க காரணமின்றித் தாமதித்தால் அபராதமும் விதிக்கப்படலாம்.

இதைத் தலைக்காயத்துக்குப் பொருத்திப் பாருங்கள். அடிபட்ட சில மாதங்களுக்குப் பின் ஒருவருக்கு வலிப்பு வரத் தொடங்குகிறது. மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவர் மருந்து சாப்பிட்டுக்கொண்டு வேலையைத் தொடரலாம். ஆனால் தென்னை ஏறுபவர் இனி ஏற முடியாது. லாரி ஓட்டுபவர் ஓட்ட முடியாது. உருக்கு உலை அருகே நிற்பவர் நிற்க முடியாது. மருத்துவ ஊனம் 25 சதவீதமாக இருந்தாலும், அவருடைய தொழிலைப் பொறுத்தவரை இழப்பு அதைவிடப் பன்மடங்கு. ஆகவே மருத்துவரிடம் காயத்தை மட்டும் சொல்லாமல், அவர் செய்துவந்த வேலை என்ன என்பதையும் விளக்கமாகச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும்.

முதல் நாளிலேயே வேண்டிய ஆதாரம்

பல ஆண்டுகளுக்கு முன் பாதைப் பணியில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்த ஒருவர் தலையில் இரும்புத் துண்டு விழுந்தது. நான்கு நாளில் வீடு திரும்பினார். ஒரு மாதத்துக்குப் பின் கருவிகளை எண்ணிக் கொடுக்கத் தடுமாறினார், கோபம் மிகுந்தது, தூக்கம் போயிற்று. ஆனால் மருத்துவமனைச் சீட்டில் 'கீழே விழுந்தார்' என்று மட்டுமே இருந்தது. வேலையிடத்தில் நடந்தது என்ற ஒரு வரி இல்லாததால் அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல. நம்மவர்கள் தமிழில் சொல்வதைக் கேட்டு மருத்துவமனையில் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். என்ன எழுதினார்கள் என்று படித்துக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது அடிபட்டது என்பது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டிலும் காயச் சான்றிதழிலும் இருக்க வேண்டும்.

2. மயக்கம் வந்ததா, எவ்வளவு நேரம், வாந்தி எடுத்தாரா என்பதைச் சொல்லுங்கள். 1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் வகுத்த அளவுகோலால் நினைவு நிலைக்கு 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுவார்கள். 8-உம் அதற்குக் கீழும் கடுமையான காயம். அந்த எண் உள்ள சீட்டும் சி.டி. ஸ்கேன் படமும் பிற்காலத்தில் முக்கிய ஆதாரம்.

3. முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் அசட்டை வேண்டாம். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தும் தொல்லை தரும். தலைவலி கூடுதல், தூக்கக் கலக்கம், நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

4. வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மறதி, கோபம், வாசனை தெரியாமை, வலிப்பு ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதுங்கள். குணமாற்றத்தை முதலில் காண்பவர் மனைவியும் பிள்ளைகளுமே. மருத்துவர் பத்து நிமிடத்தில் காணாததை அந்த நோட்டு காட்டும். நினைவாற்றலைச் சோதிக்கும் உளவியல் பரிசோதனையும் உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

5. முதலாளிக்கு எழுத்து மூலம் தகவல் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உடன் வேலை செய்தவர்களின் பெயர், ஊர், கூலி கொடுத்த சீட்டு ஆகியவற்றைச் சேகரியுங்கள்.

6. முத்திரைத் தாளில் 'இனி உரிமை கோரமாட்டேன்' என்று கையெழுத்து வாங்கினாலும் அது சட்ட உரிமையைப் பறிக்காது. உடன்பாடு செய்வதானால் அதிகாரியிடம் பதிவு செய்தே செய்ய வேண்டும்.

எல்லை தாண்டி வந்தவர்களுக்கு

விபத்து கேரளத்தில் நடந்தால் கேரளத்துக்கே வந்து அலைய வேண்டுமோ என்று பலர் அஞ்சிக் கைவிடுகிறார்கள். அது தேவையில்லை. விபத்து நடந்த இடத்திலோ, தொழிலாளியோ அவரைச் சார்ந்தோரோ வழக்கமாக வசிக்கும் இடத்திலோ, முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடத்திலோ உள்ள அதிகாரியிடம் மனுச் செய்யலாம். கஞ்சிக்கோட்டில் அடிபட்டுப் பொள்ளாச்சியில் குடும்பத்தோடு இருப்பவர் கோவை மாவட்டத்திலேயே கேட்கலாம். ஆனால் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிப்பார்கள். அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்? கேரளத்திலிருந்து சென்ற ஓர் இ.எஸ்.ஐ. வழக்கில், ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்பாக சைக்கிளில் வந்தபோது காயமடைந்தவருக்கு உரிமை இல்லை என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. 2003-இல் மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும்போது ஐந்து கிலோமீட்டர் முன்பாக இறந்தார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. புதிய சட்டத் தொகுப்போ இதை வெளிப்படையாகவே கூறுகிறது. நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தும் வேலை விபத்தே.

பாதுகாப்புத் தலைக்கவசம் போடுவது இவை எல்லாவற்றுக்கும் முந்திய கடமை. வேலையிடத் தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 2925, மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தர முத்திரை பார்த்து வாங்குங்கள். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இந்தப் பக்கத்தை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும், படிக்கத் தெரியாத உறவினர்களுக்கும் வாசித்துக் காட்டும்படி பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். விபத்து நடந்த பதற்றத்தில் சட்டம் நினைவுக்கு வராது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வேலை செய்யும்போது' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் நின்றால் போதும். மற்றவற்றை அதன் பிறகு அமைதியாகச் செய்துகொள்ளலாம்.