காந்தம் உந்தும் கலம்

நுழையும்முன்

இரும்பு ஆணியில் கம்பியைச் சுற்றி மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது குண்டூசிகளை ஈர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த மின்காந்தமே இன்று விண்கலத்தை உந்தும் பொறியின் இன்றியமையாத உறுப்பாக விளங்குகிறது.

கட்டுச்சோறும் எரிபொருளும்

கள்ளக்குறிச்சிச் சமவெளியிலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு நடந்தே செல்லும் ஒருவரை எண்ணிப்பாருங்கள். வழியில் உணவு கிடைக்காதெனில், வேண்டிய கட்டுச்சோறு முழுவதையும் அவரே சுமக்க வேண்டும். வழி நீண்டால் சுமை மிகும். சுமை மிகுந்தால் பசியும் மிகும். ஆழ்விண்வெளிக்குச் செல்லும் கலத்தின் இடர்ப்பாடும் இத்தகையதே. எரிபொருளைச் சுமந்து செல்லவே எரிபொருள் வேண்டும்.

இதற்குத் தீர்வு உண்டா? உண்டு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, கலம் பின்னோக்கி வெளியேற்றும் பொருளே அதனை முன்னோக்கித் தள்ளுகிறது. அப்பொருள் விரைவாக வெளியேறினால் சிறிதளவே போதும். வேதி எரிபொருளின் வளிமம் வினாடிக்கு ஏறத்தாழ 3 முதல் 4.5 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. மின்னாற்றலால் உந்தப்படும் அயனிகளோ 15 கிலோமீட்டரையும் கடந்து பாய்கின்றன.

காந்தத்தின் பணி

இப்பொறியின் வளைய வடிவ அறைக்குள் செனான் வளிமம் செலுத்தப்படுகிறது. வெளியிலுள்ள எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் அறையை நோக்கி விரைகின்றன. மின்காந்தச் சுருள்கள் உண்டாக்கும் காந்தப்புலம் அவற்றை மடக்கிச் சுழலவைக்கிறது. சுழலும் எலக்ட்ரான்கள் மோதுவதால் செனான் அணுக்கள் அயனிகளாகின்றன. எடை மிகுந்த அயனிகளைக் காந்தப்புலம் மிகுதியாக வளைப்பதில்லை; மின்புலம் அவற்றை வெளியே வீசுகிறது. கலம் முன்னேறுகிறது. காந்தம் இங்கே தள்ளும் கையன்று. எலக்ட்ரான்களைத் தேக்கிவைக்கும் அணை.

இழப்பும் எழுச்சியும்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இத்தகைய பொறிகளை ஜிசாட்-4 செயற்கைக்கோளில் பொருத்தியது. 2010 ஏப்ரல் 15 அன்று ஏவூர்தி தோல்வியுற்றதால், அவை இயங்கும் முன்பே இழக்கப்பட்டன. எனினும் முயற்சி ஓயவில்லை. 2017 மே 5 அன்று ஏவப்பட்ட ஜிசாட்-9, மின்னுந்து அமைப்புடன் விண்ணில் நிலைபெற்றது. 2025 மார்ச்சில், 300 மில்லிநியூட்டன் விசையுடைய பொறி 1000 மணிநேரச் சோதனையை நிறைவு செய்தது. 2023 அக்டோபர் 13 அன்று அமெரிக்கா ஏவிய சைக்கி விண்கலம், இவ்வகைப் பொறிகளின் துணையுடன் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோளை நோக்கிச் செல்கிறது.

சிறுதுளி பெருவெள்ளம்

300 மில்லிநியூட்டன் என்பது எவ்வளவு? கல்வராயன் மலையில் விளையும் கடுக்காய்களில் சிலவற்றை, ஏறத்தாழ 30 கிராம் அளவுக்கு, உள்ளங்கையில் ஏந்தினால் உணரும் எடையே அது. இவ்விசையால் புவியிலிருந்து எழும்ப இயலாது. அதற்கு வேதி எரிபொருள் ஏவூர்தியே வேண்டும். ஆனால், தடையற்ற வெளியில் 1000 கிலோகிராம் கலத்தை இவ்விசை இடைவிடாது தள்ளினால், அதன் வேகம் நாளொன்றுக்கு வினாடிக்கு 26 மீட்டர் அளவில் உயரும். ஓராண்டில் அவ்வுயர்வு வினாடிக்கு 9 கிலோமீட்டரைக் கடக்கும்.

கோமுகி ஆற்றைப் பெருகச் செய்வது ஒரு பெருமழை மட்டுமன்று. மலையெங்கும் ஓயாது கசியும் சிறுசிறு ஊற்றுகளுமே. மெல்லிய விசையும் ஓயாதிருப்பின் கோள்களுக்கிடையே வழி திறக்கும்.

கற்பவை கற்றபின்

1. மின்காந்தம் ஒன்றைச் செய்து, கம்பிச் சுற்றுகளைக் கூட்டும்போது ஏற்படும் மாற்றத்தை வகுப்பில் விளக்குக.
2. 'காந்தம் இங்கே தள்ளும் கையன்று' என்னும் கூற்றின் பொருத்தத்தை ஆராய்ந்து எழுதுக.