ஒரே வயரில் நாலு சென்சர்: முதலில் முகவரியைப் பாருங்கோ

தம்பிமார், தங்கச்சிமார், சென்சர் பழுதாப்போச்சு என்று புதுசுக்கு ஓடர் போட முதல் ஒருக்கா நில்லுங்கோ. தனித்தனியாகப் பூட்டினால் இரண்டு சென்சரும் ஒழுங்காக வேலை செய்து, சேர்த்துப் பூட்டினால் மட்டும் கண்டபடி எண்கள் வருகுதா? அப்ப பெரும்பாலும் பொருளில் பிழையில்லை. இரண்டுக்கும் ஒரே முகவரி.

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வலிகாமச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைப்பது கிணற்றுத் தண்ணீர். சுண்ணக்கல்லுக்குள் தேங்கி, உவர்நீருக்கு மேலே மிதக்கிற மழைநீர் அது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் உவர் ஏறி வரும். அதனால்தான் மண் ஈரத்தை அளந்து, தேவைக்கு மட்டும் மோட்டரைப் போடுகிற கருவியைச் செய்ய நினைக்கிற பிள்ளைகளைக் கண்டால் எனக்குச் சந்தோசம். ஆனால் எந்த எண் எந்தப் பாத்தியினுடையது என்று தெரியாவிட்டால் அளந்து பயனில்லை.

அப்படியான கருவிப் பெட்டிக்குள் இருக்கிற சின்னச் சின்ன மொடியூல்கள் பெரும்பாலும் கதைப்பது ஐ2சி முறையில். 1982இல் பிலிப்ஸ் கொம்பனி கொண்டுவந்தது. தரவுக்கு எஸ்டிஏ, துடிப்புக்கு எஸ்சிஎல் என்று இரண்டே வயர். எல்லா மொடியூலும் அதிலேயே தொங்கும். வகுப்பில் டீச்சர் இடாப்பைப் பார்த்து எண்ணைக் கூப்பிட, எல்லாருக்கும் கேட்டாலும் உரிய பிள்ளை மட்டும் பதில் சொல்வது போலத்தான் இது. கருவியின் மூளையான கொன்ட்ரோலர் முதலில் 7 பிட் முகவரியை அனுப்பும். 8ஆவது பிட், வாசிக்கப் போகிறதா எழுதப் போகிறதா என்று சொல்லும். 9ஆவது துடிப்பில் அந்த முகவரிக்குரிய சிப் தரவு வயரைக் கீழே இழுத்துப் பிடிக்கும். ஒருவரும் இழுக்காவிட்டால் அங்கே ஆள் இல்லை.

ஒரே முகவரியில் இரண்டு சிப் இருந்தால் இரண்டும் இழுக்கும். வயரில் தெரிவது ஒரே இழுப்புத்தான், கொன்ட்ரோலருக்கு வித்தியாசம் விளங்காது. பிறகு வாசிக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் பிட்களை அனுப்பும். ஒன்று 1 என்று விட்டாலும் மற்றது 0 என்று இழுத்தால் வயரில் இருப்பது 0. அந்தக் கண்டபடி எண் இப்படித்தான் பிறக்கிறது.

ஆகவே கோட் எழுத முதல் ஐ2சி ஸ்கேனர் புரோகிராமை ஓட்டுங்கோ. ஆர்டுயினோ கொன்ட்ரோலருக்கு இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிட்டு, பதில் வந்தவற்றைக் காட்டும். 7 பிட்டில் 128 எண்கள். 16 ஒதுக்கப்பட்டவை போக 112 மிஞ்சும். இடம் தாராளம் போலத் தெரிந்தாலும் செய்கிறவர்கள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். நேரம் காட்டும் டிஎஸ்3231க்குப் பதினறுமத்தில் 68. அசைவை அளக்கும் எம்பியு6050க்கும் அதே 68. அதன் ஏடி0 காலை 3.3 வோல்ட்டில் பூட்டினால் 69 ஆகிவிடும். அனலொக் மண் ஈர சென்சர்களை வாசிக்க ஏடிஎஸ்1115 வாங்கினால் அதன் முகவரிக் காலை எதில் பூட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து 48, 49, 4ஏ, 4பி என்று நாலு வகை. ஒன்றில் நாலு சென்சர், ஆக 16 பாத்தி வரை போகலாம். காற்றின் ஈரப்பதம் பார்க்கும் ஏஎச்டி20 மாதிரி 38ஐ மாற்றவே முடியாத சிப்பில் இரண்டு வேண்டுமென்றால், எட்டுக் கிளை பிரித்துத் தரும் டிசிஏ9548ஏ தேவைப்படும்.

ஓலெட் திரையின் பின்பக்கம் 78 என்று அச்சடித்திருந்தால் குழம்பாதேங்கோ. அது வாசி-எழுது பிட்டையும் சேர்த்த கணக்கு. பதினறுமத்தில் பாதியாக்கினால் 3சி. ஸ்கேனரில் வருவது அதுதான்.

இந்த இரண்டு வயரையும் தோட்டத்துக்கு இழுக்காதேங்கோ. ஐ2சி பெட்டிக்குள் கதைக்கவென்று செய்தது. வயர் நீள நீள மின்தேக்கம் கூடி, சைகை மழுங்கிப்போகும். கிணற்றடிக்கும் பாத்திக்கும் ஆர்எஸ்-485 வயர் முறை சரி, குறைந்த வேகத்தில் 1200 மீற்றர் வரை போகும். அதில் ஓடும் மொட்பஸ் முறையை 1979இல் மொடிகொன் கொம்பனி வெளியிட்டது. சாதனங்களுக்கு 1 முதல் 247 வரை முகவரி. 0 என்று அனுப்பினால் எல்லாரும் கேட்பார்கள், ஒருவரும் பதில் சொல்லார். மொட்பஸில் கதைக்கும் மண் சென்சர்கள் பெரும்பாலும் முகவரி 1 உடனேயே வரும். மூன்று வாங்கினால் மூன்றும் 1. அதனால் மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பூட்டுங்கோ. மற்ற இரண்டும் கழன்றே இருக்கவேணும். சென்சரோடு வந்த தாளில் சொல்லியிருக்கும் ரெஜிஸ்டரில் புது எண்ணை எழுதி, கரண்டை நிறுத்திப் போட்டு, புது எண்ணில் பதில் வருகுதா என்று பார்த்த பிறகு அடுத்தது. பதிலே இல்லையென்றால் ஆர்எஸ்-485இன் ஏ, பி வயர் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கோ. நீள வயரின் இரு நுனியிலும் 120 ஓம் தடை வேண்டும்.

கிணற்றில் வெவ்வேறு ஆழத்தில் வெப்பநிலை பார்க்க விரும்பினால் டிஎஸ்18பி20. ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே 64 பிட் அடையாளம் பதித்திருப்பதால் முகவரி மோதாது. ஆனால் தேடும்போது அவை வயரில் பூட்டிய வரிசையில் வராது. ஒவ்வொன்றாகக் கைக்குள் பொத்திப் பிடியுங்கோ. எந்த எண்ணின் வெப்பம் ஏறுகுதோ, அதுதான் கையில் இருப்பது. உடனே வயரில் நாடா சுற்றிக் குறித்துவிடுங்கோ, கிணற்றுக்குள் இறக்கிய பிறகு பிடித்துப் பார்க்க முடியாது.

முகவரி, இடம், பூட்டிய திகதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கோ. நீங்கள் கம்பஸுக்குப் போன பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கப் போவது அப்பாவோ தம்பியோதான்.