மதிலுக்குள் வாழும் நகரம்

கேள்வி: குரோஷியாவின் ஸ்பிலிட் நகரில் ரோமானிய அரண்மனைக்குள்ளேயே வீடுகளும் கடைகளும் இருக்கின்றனவாமே? பழமையைப் பார்க்கப் போகிறவருக்கு அது இடைஞ்சல் இல்லையா?

பதில்: இல்லை; அந்தக் குடியிருப்புதான் அரண்மனையைக் காப்பாற்றியது. கி.பி. 305இல் பதவி துறந்த பேரரசர் டயோக்ளீஷியன் தங்கிய இடம் அது. 7ஆம் நூற்றாண்டில் அருகிலிருந்த சலோனா நகரம் வீழ்ந்தபோது, தப்பிவந்தவர்கள் அந்த மதில்களுக்குள் குடியேறினார்கள். ஆளற்றுப்போன சலோனாவில் இன்று பெரும்பாலும் இடிந்த சுவர்களே மிச்சம்; ஸ்பிலிட்டிலோ பேரரசரின் கல்லறை மண்டபம் தேவாலயமாகிக் கூரையோடு நிற்கிறது. மக்கள் இடித்து மாற்றிவிட்டார்களே என்பீர்கள். உண்மைதான், பேரரசர் வாழ்ந்த மேல்தளம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய குப்பை நிறைந்து நிலவறைகள் சிதையாமல் கிடைத்தன. மேலிருந்த அறைகளின் அமைப்பை அவற்றைக் கொண்டுதான் அறிகிறோம். முதலில் சலோனாவைப் பார்த்துவிட்டு ஸ்பிலிட்டுக்குப் போங்கள்.