மலைக்கோயிலில் எலுமிச்சை அன்னம்: மடைப்பள்ளிக்கு ஓர் அளவுப் பாடம்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது நான் தயங்கினேன். தத்துவம் எழுதும் தகுதி எனக்கில்லை. "மடைப்பள்ளியில் இத்தனை வருடம் நின்றிருக்கிறீர்களே, அதை எழுதுங்கள் அம்மா" என்றார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். திருவிழா நாட்களில் சாம்பார் சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் நடுவே ஒரு கரண்டி வைக்கிறோமே, அந்த எலுமிச்சை அன்னத்தைப் பற்றியதே இக்கட்டுரை. செய்வதற்கு மிக எளியது என்று எல்லோரும் நினைப்பது இது. மலைமேல் அதிகமாகக் கெட்டுப்போவதும் இதுதான்.

ஒரு பால் டின்னின் கதை

நான் பிறந்தது பிரிஞ்சாங்கை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் வந்து பார்த்ததால் அவர் பெயரைப் பெற்ற இம்மலையில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துக் கொழுந்து பறிக்க வந்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் கையோடு கொண்டுவந்தவை தெய்வமும் சமையலும். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரைக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போன வழக்கம், இங்கே கோயில் திருவிழாவில் எலுமிச்சை அன்னமாகத் தொடர்ந்தது.

எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா இருந்தார். மலைமேல் இருந்த ஒரு கோயிலில் திருவிழாச் சமையல் முழுவதும் அவர் பொறுப்பு. தராசு கிடையாது. கெட்டிப்பால் வந்த பழைய டின் ஒன்றுதான் அவருடைய அளவு. அரிசிக்கு இத்தனை டின், எண்ணெய்க்கு டின்னில் இந்த மட்டம், சாற்றுக்கு இந்த மட்டம் என்று ஆணியால் கீறி வைத்திருந்தார். ஒருநாளும் அவர் ருசி பார்த்ததில்லை. சுவாமிக்குப் படைக்கும் முன் நாக்கில் வைக்கக் கூடாதல்லவா? ஆனாலும் ஒரு வருடமும் உப்போ புளிப்போ பிசகியதில்லை.

அவர் காலமானபோது டின் எங்களிடம் இருந்தது. எந்தக் கீறல் எதற்கு என்பதை மட்டும் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அப்போது நான் திருமணமாகி ஈப்போவில் குடியிருந்தேன். அங்கே நான் செய்யும் எலுமிச்சை சாதத்துக்கு நல்ல பெயர். அந்தத் தைரியத்தில் அவ்வருடத் திருவிழாச் சமையலை ஏற்றுக்கொண்டேன். ஈப்போவில் செய்தபடியே எல்லாம் செய்தேன். பந்தியில் ஒரு முதியவர் சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நடு இன்னும் அரிசியாவே நிக்குதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பல் இல்லாத அவர் அதைச் சாப்பிட முடியாமல் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அன்றைக்குச் சோறு வேகவில்லை, சாறு கசந்தது, மீந்தது இரண்டு அண்டா. யாரோ ஒருவருடைய நன்கொடையில் வந்த அரிசி அது. அந்த இலை இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அதன்பின் பல மாதங்கள் வீட்டில் சிறு அளவில் செய்து பார்த்து, ருசித்து, எழுதி வைத்துக் கற்றதையே கீழே தருகிறேன்.

மலையில் சோறு ஏன் தாமதமாக வேகிறது?

பிரிஞ்சாங் நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அருகிலுள்ள பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,031 மீட்டர். உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சமவெளியில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், நம் ஊரில் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். அரிசிக்கு வேண்டிய சூடு மட்டும் குறைவாகவே கிடைக்கும். ஊறிய பச்சரிசி ஈப்போவில் எனக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்தது. மலையில் பதினாறு, பதினேழு நிமிடம் ஆனது.

தாளிப்புக்கு இந்தக் குறை இல்லை. எண்ணெய் கொதித்து அல்ல, காய்ந்துதான் கடுகை வெடிக்க வைக்கிறது. ஆகவே மலையில் மாற்ற வேண்டியது சோறு வேகும் முறை, தாளிப்பை அல்ல.

அளவு (ஒரு கிலோ அரிசிக்கு)

பழைய பொன்னிப் பச்சரிசி: 1 கிலோ
எலுமிச்சைச் சாறு: 150 மில்லி (சிறு பழம் 10 முதல் 12)
உப்பு: 30 கிராம்
நல்லெண்ணெய்: 120 மில்லி
மஞ்சள்தூள்: 5 கிராம்
கடுகு: 10 கிராம்
கடலைப்பருப்பு: 40 கிராம்
உளுத்தம்பருப்பு: 30 கிராம்
நிலக்கடலை: 100 கிராம்
பச்சை மிளகாய்: 12
இஞ்சி: 30 கிராம்
பெருங்காயத்தூள்: அரைத் தேக்கரண்டி
கறிவேப்பிலை: 5 கொத்து
கொத்தமல்லித் தழை: 50 கிராம்

வெங்காயமும் பூண்டும் கோயில் சமையலில் சேர்ப்பதில்லை. மிளகாய்க்குப் பதிலாக மிளகு போடும் மடைப்பள்ளிகளும் உண்டு. தத்தம் கோயில் வழக்கத்தைப் பின்பற்றுக. ஒரு கிலோ அரிசி இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். பந்தியில் துணைச் சாதமாக ஆளுக்கு ஒரு கரண்டி, அதாவது 100 கிராம் வைத்தால், இருபத்தைந்து பேருக்குத் தாராளமாக வரும்.

வாசனை அரிசி வேண்டாம். அதில் பசை அதிகம். கிளறினால் கட்டி கட்டும். பொன்னி போன்ற பழைய அரிசியே உதிரியாக நிற்கும்.

செய்முறை

ஒன்று: அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். மலையில் இதைத் தவிர்க்கவே கூடாது. ஊறிய அரிசியில் தண்ணீர் நடுவரை போயிருக்கும். குறைந்த சூட்டிலும் உள்ளே வேகும்.

இரண்டு: ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரிசியைப் போட்டு, வெந்ததும் வடியுங்கள். இம்முறையில் தண்ணீர் அளவு பிசகுமோ என்ற கவலை இல்லை. பெரிய அண்டாவில் ஒரேயடியாக இருபது கிலோ போடாதீர்கள். குளிர்ந்த அரிசி விழுந்ததும் கொதி அடங்கிவிடும். மீண்டும் கொதிப்பதற்குள் மேல் அரிசி வேகாமலும் அடி அரிசி குழைந்தும் போகும். ஐந்தைந்து கிலோவாகப் போடுவதே நல்லது. நான் முதல் வருடம் செய்த தவறுகளில் இது ஒன்று.

மூன்று: பதம் பார்க்க வாயில் போட வேண்டியதில்லை. ஒரு பருக்கையை இரு விரல்களுக்கிடையே நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். புள்ளி மறைந்து, பருக்கை உடையாமல் தட்டையானால் வடிக்கலாம். அண்டாவின் மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பாருங்கள்.

நான்கு: வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெயில் பாதியை ஊற்றி மெல்லப் புரட்டுங்கள். கீழே வெயில் ஊர்களில் விசிறி ஆற்றுவோம். மலையில் அப்படிச் செய்தால் குளிர்காற்று பட்டுச் சோறு விறைத்துவிடும். ஆவி அடங்கும் வரை மட்டும் பரப்பி வைத்துவிட்டு, சுத்தமான ஈரத்துணியால் மூடிவிடுங்கள்.

ஐந்து: மீதி எண்ணெயைக் காயவைத்துக் கடுகு, பருப்பு வகைகள், கடலை என்ற வரிசையில் போட்டுப் பொன்னிறமாக்குங்கள். பிறகு மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். அடுப்பை அணைத்தபின் மஞ்சள்தூள். மஞ்சளின் நிறம் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும்; தண்ணீரில் கரையாது. எண்ணெயில் கரைந்தால் சோறு முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: பாத்திரத்தில் சோப்பு மிச்சமிருந்தால், அதன் காரம் பட்டு மஞ்சள் சிவப்பாகத் திரியும். சோற்றில் சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் பாத்திரம் சரியாக அலசப்படவில்லை என்று பொருள்.

ஆறு: சாற்றில் உப்பைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளிப்பைச் சோற்றில் கொட்டிப் புரட்டி, சோறு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், சாற்றைச் சுற்றிலும் தெளித்துக் கலக்குங்கள். கடைசியாகக் கொத்தமல்லித் தழை.

சாறும் இலையும்

எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் ஏற்றக் கூடாது. சூட்டில் மணம் பறந்துவிடும், கசப்பு மேலே வரும். முந்தின இரவே பிழிந்து வைத்தாலும் கசக்கும். முதல் வருடம் இவ்விரண்டையும் நான் செய்தேன். பரிமாறும் அன்று, கொட்டையும் வெள்ளைத் தோலும் நசுங்காமல் பிழிந்து வடிகட்டுங்கள். பிழியும் பாத்திரம் எவர்சில்வராகவோ மண்ணாகவோ இருக்கட்டும். அலுமினியத்தையும் ஈயம் பூசாத பித்தளையையும் புளிப்பு அரிக்கும்.

இலைகளில் இரண்டு வகை உண்டு. கறிவேப்பிலையின் மணம் எண்ணெயில் இறங்கும். ஆகவே தாளிப்பில் போடுகிறோம். கொத்தமல்லியின் மணம் சூட்டில் அழியும். ஆகவே கடைசியில் தூவுகிறோம். மலைக்குளிரில் கறிவேப்பிலைச் செடி மெதுவாகவே தழைக்கும். கீழிருந்து வருவது குறைந்தால் என் பெரியம்மா எலுமிச்சை இலையின் நடு நரம்பை உரித்துவிட்டு, முடிபோல் மெல்லியதாக அரிந்து சேர்ப்பார். நம் ஊர் வேப்பிலைக்கட்டியில் நார்த்தை இலையையும் எலுமிச்சை இலையையும் சேர்க்கிறோமல்லவா, அதே கைமணம். இங்கே கிடைக்கும் லீமாவ் பூருட் இலையும் அதற்கு ஏற்றது. ஒரு கிலோவுக்கு நான்கு இலை போதும், கூடினால் வாசனை மற்றதை விழுங்கிவிடும். மலாய் அண்டை வீட்டார் நாசி ஊலாம் செய்யும்போது பச்சிலைகளைச் சமைக்காமல் நுணுக்கமாக அரிந்து சோற்றில் கலப்பதை நான் பார்த்திருக்கிறேன். இலையை எவ்வளவு மெல்லியதாக அரிய வேண்டும் என்பதை அவர்களிடம்தான் கற்றேன்.

பரிமாறும் நேரம்

நன்கொடையாளர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் போகாது. எலுமிச்சையின் புளிப்பு அதை ஓரளவு தாமதப்படுத்தும். முழுக் காவல் என்று நம்பிவிடக் கூடாது. மலைக்குளிர் காக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பெரிய அண்டாவின் நடுவே சூடு மணிக்கணக்கில் நிற்கும். கலந்த நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடித்துவிடுங்கள். முதல் நாள் இரவே சமைக்க வேண்டாம். நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்காக, கடலை சேர்ந்திருப்பதைப் பந்தியில் அறிவியுங்கள். அல்லது கடலையில்லாமல் ஒரு சட்டி தனியே எடுத்து வையுங்கள்.

எழுதி வையுங்கள்

ருசி பார்க்காமல் சமைக்க வேண்டிய இடத்தில், அளவுதான் நமக்கு நாக்கு. விழாவுக்கு ஒரு மாதம் முன் வீட்டில் ஒரு கிலோ செய்து, வீட்டாருக்குப் பரிமாறி, ருசி கேட்டு, திருத்திக்கொள்ளுங்கள். பழத்தின் புளிப்பு பருவத்துக்குப் பருவம் மாறுவதால் இது அவசியம். பிறகு திருவிழாவன்று அந்த அளவை விட்டு அசைய வேண்டாம்.

இப்போது லயங்களில் நம் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். அது மகிழ்ச்சிக்குரியதே. திருவிழாவுக்கு மட்டும் வண்டி பிடித்து மேலே வருகிறார்கள். வரும் பிள்ளைகளில் இரண்டு பேரை மடைப்பள்ளிக்குள் அழையுங்கள். அரிசியை நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்கண்ட அளவைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

பெரியம்மாவின் டின்னை நான் பிறகு அளந்து பார்த்தேன். ஒரு டின் அரிசி ஏறக்குறைய கால் கிலோ. மூன்று கீறல்களில் இரண்டு எண்ணெய்க்கும் சாற்றுக்கும் என்று என் கணக்கோடு பொருந்தியது. மூன்றாவது கீறல் எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த அம்மாளை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

உங்கள் ஊர் மடைப்பள்ளியில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், இந்தத் திருவிழா முடிவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பந்தியில் அமரும் எவரும் இலையை மடித்துவிட்டுப் பசியோடு எழாதிருக்க இறைவன் அருள்புரிவானாக.