90 கிலோ எங்கே போகிறது?

கோவில்பட்டி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய ஹெர்குலிஸ் கியர் சைக்கிளின் பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைக்க ஆசை, கழுகுமலையில் ஒரு பட்டறையில் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்காகப் பின் குழாயில் இரண்டு காது வைத்து வெல்டு அடித்துத் தருகிறேன் என்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கடிதத்தின் அடியில், 'டிஸ்க் போட்டால் சட்டென்று நிற்கும், ரிம் பிரேக்கில் அது வராது' என்று நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். இதைக் கடைக்காரர் சொல்கிறார், விளம்பரம் சொல்கிறது, இயந்திரவியல் படித்த பிள்ளைகளும் சொல்கிறார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடிவதில்லை.

பின் பிரேக்கை அழுத்தியதும் உன் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு குறைவு. சைக்கிளின் நீளம், உன் உடம்பின் உயரம், தார் ரோட்டின் உராய்வு எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தால், பின் பிரேக் மட்டும் பிடித்து ஒரு சைக்கிள் புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு அளவுக்குத்தான் வேகம் குறைக்க முடியும். முன் பிரேக்கைப் பக்குவமாகப் பிடித்தால் பாதிப் பங்கு வரை போகலாம். அதற்கு மேல் போனால் ஆள் தலைக்குப்புற விழுவான். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறாய் என்று வை. பிரேக் பிடித்த இடத்திலிருந்து, பின் பிரேக்கில் நிற்க ஏறக்குறைய 10 மீட்டர் வேண்டும், முன் பிரேக்கில் 5 மீட்டர் போதும். இந்த 10 மீட்டரை நிர்ணயிப்பது டயரும் தரையும். உன்னிடம் இருக்கும் ரிம் பிரேக்கான வி-பிரேக்கே பின் சக்கரத்தை இறுக்கி நிறுத்தித் தரையில் கோடு இழுக்கிறதா இல்லையா? இழுக்கிறது என்றால் அதைவிட வலுவான பிரேக் வந்து என்ன செய்துவிடும்? கோடுதான் இழுக்கும்.

டிஸ்க் பெயர் வாங்கிய காரணமே வேறு. 1902இல் இங்கிலாந்தின் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1953இல் ஜாகுவார் கார் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக்கோடு வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அங்கே பிரச்சினை வெப்பம். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வந்து திரும்பத் திரும்ப பிரேக் பிடிக்கும் காரில் டிரம் கொதித்துப் பிடிப்பை இழந்துவிடும். டிஸ்க் காற்றில் ஆறிக்கொள்ளும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறவனுக்கும் இந்த நியாயம் பொருந்தும். கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவே நீ எந்த இறக்கத்தில் பிரேக்கைக் கொதிக்க வைக்கப் போகிறாய்?

நம் ஊருக்கு டிஸ்க் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேண்டும் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதை நீ எழுதவில்லை. ஐப்பசி மழை விழுந்த பிறகு குருவிகுளம் பக்கம் ஒரு வண்டிப்பாதையில் போய்ப் பார். கரிசல் மண்ணில் இருக்கும் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பி, டயரில் அப்பிக்கொண்டு மேலே ஏறும். ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே அது புகுந்தால் முதலில் பிடிப்பு போகும், பிறகு மண்ணில் உள்ள மணல் ரிம்மின் பக்கச் சுவரை அறுக்கும். ரிம் கொஞ்சம் கோட்டம் விழுந்தாலும் கட்டை உரசும். டிஸ்க் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் சேறு பிடிக்காது, ரிம் கோட்டமானாலும் அதற்குக் கவலையில்லை. கரிசல்காட்டுக்காரன் டிஸ்க் கேட்பதற்கு இந்தக் காரணம் போதும். ஆனால் டயருக்கும் பின் குழாய்களுக்கும் நடுவே சேறு அடைத்துச் சக்கரமே சுற்றாமல் போவதை எந்த பிரேக்கும் தடுக்காது. அதற்குக் குச்சியை எடுத்துக் குத்தித்தான் ஆக வேண்டும்.

சரி, அந்த இரண்டு காதுக்கு வருகிறேன். பின் அச்சிலிருந்து சீட்டுப் பக்கம் ஏறும் குழாயை ஏறுகுழாய் என்றும், பெடல் பக்கம் போகும் குழாயைப் படுகுழாய் என்றும் இந்தக் கடிதத்துக்காக வைத்துக்கொள்வோம். நீயும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்றால், பின் டயர் தரையில் பிடிக்கும் விசை அதிகபட்சம் 20 கிலோ அளவு. 26 அங்குலச் சக்கரத்தின் ஆரம், டயரோடு சேர்த்து, 330 மில்லிமீட்டர். ரிம் பிரேக் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து ஏறக்குறைய 270 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே அங்கே விழும் விசை 24 கிலோ. அதையும் இடது வலது என்று இரண்டு ஏறுகுழாய்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. 160 மில்லிமீட்டர் டிஸ்க்கில் பட்டை பிடிக்கும் இடமோ அச்சிலிருந்து 72 மில்லிமீட்டர்தான். 20 கிலோவை 330ஆல் பெருக்கி 72ஆல் வகுத்துப் பார். 90 கிலோவுக்கு மேல் வருகிறது. அத்தனையும் இடது பக்கத்து ஒற்றைக் குழாயில், காது ஒட்டிய ஓரிடத்தில் இறங்கும். பெரும்பங்கு அந்தக் குழாயைக் குறுக்கே தள்ளி வளைக்கும் விசை. அதே 90 கிலோ எதிர்ப்பக்கமாக அச்சைப் பின்னும் கீழுமாக இழுக்கும். நட்டு தளர்ந்திருந்தால் அச்சு நகரும். ஹெர்குலிஸ் பிரேமை அம்பத்தூரில் வடிவமைத்தவர்கள் அந்தக் குழாய்க்கு இந்த வேலையைக் கொடுக்கவில்லை. டிஸ்க்குக்கென்றே செய்த பிரேம்களைக் கவனித்தால், அந்த இடத்தில் குழாய் தடித்திருக்கும், அல்லது இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஒரு தாங்குகம்பி இருக்கும்.

ஒட்டிய அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பட்டறைக்காரரும் ஏறி நின்று ஆட்டிக் காட்டுவார். ஆனால் மெல்லிய குழாயில் வெல்டு முடியும் ஓரத்தில்தான் விரிசல் பிறக்கும். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் மயிரளவு நீளும். உன் பிரேம் எஃகுதானா என்று காந்தம் வைத்துப் பார். காந்தம் ஒட்டாமல் அலுமினியம் என்று தெரிந்தால் அந்தப் பட்டறை வாசலையே மிதிக்காதே. சூட்டுப் பதம் செய்த அலுமினியக் கலவையில் வெல்டு விழுந்த பகுதியின் வலிமை பாதிக்கும் கீழே போய்விடும். தொழிற்சாலையில் வெல்டு முடிந்தபின் பிரேமைத் திரும்பவும் உலையில் வைத்துப் பதம் ஏற்றுவார்கள். நம் பட்டறையில் உலைக்கு எங்கே போவது?

அச்சை இழுக்கும் இதே விசை முன் சக்கரத்தில் செய்யும் வேலையை 2003இல் ஜேம்ஸ் அன்னான் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி எழுதிக் காட்டினார். காலிப்பர் போர்க்கின் பின்புறம் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைப் போர்க்கின் வாயிலிருந்து கீழே தள்ளும் விசை வருகிறது என்பது அவர் கணக்கு. அவர் தொழில் பருவநிலை ஆராய்ச்சி. சைக்கிள் செய்கிறவர்கள் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்ததை வெளியிலிருந்து ஒருவர் தாளும் பென்சிலும் வைத்துச் சொன்னார். அதைப் படித்த நாள் முதல் மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் நான் விசைப்படம் வரையக் கற்றுக்கொடுத்ததில்லை. இன்றைய நல்ல போர்க்குகளில் அச்சு துளைக்குள் நுழைந்து திருகிக்கொள்கிறது, நழுவ வழியில்லை.

இப்போது எனக்குப் பிடித்த வழி. உன் தெருவில் நிற்கும் ஸ்ப்ளெண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின் சக்கரத்தைக் குனிந்து பார். டிரம் மூடியிலிருந்து பின் போர்க்குக்கு ஒரு பட்டைக் கம்பி போகிறது. பிரேக் பிடித்ததும் மூடி சக்கரத்தோடு சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் நிறுத்துவது அந்தக் கம்பி. பெடலைப் பின்னால் மிதித்து நிறுத்தும் பழைய சைக்கிள் ஹப்பிலும் இப்படி ஒரு கை உண்டு, படுகுழாயில் பட்டி போட்டுக் கட்டியிருப்பார்கள். டிஸ்க்குக்கும் அதையே செய். 6 மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஒன்றை லேத் பட்டறையில் கொடுத்து, அச்சு ஆடாமல் நுழையும்படி துளை போட்டு வாங்கு. காலிப்பரை அந்தத் தகட்டில் திருகு. காது வைத்த காலிப்பர் என்றால் இரண்டு போல்ட்டுக்கும் இடைவெளி 51 மில்லிமீட்டர். தகட்டிலிருந்து ஒரு கையை முன்னோக்கி, படுகுழாயை ஒட்டி, 250 மில்லிமீட்டர் நீட்டு.

என்ன நடக்கிறது பார். காலிப்பர் தகட்டைத் தள்ளும் 90 கிலோவைத் தகடு அச்சில் கொடுக்கிறது. டிஸ்க்கைப் பட்டை எதிர்ப்பக்கம் தள்ளும் 90 கிலோ ஹப் வழியாக அதே அச்சுக்கு வருகிறது. இரண்டும் அச்சிலேயே ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. பிரேமுக்குள் அந்த 90 கிலோ நுழைவதே இல்லை. மிஞ்சுவது முறுக்கு மட்டும். அதைக் கையின் நுனி தாங்குகிறது: 20 பெருக்கல் 330 வகுத்தல் 250, ஏறக்குறைய 26 கிலோ. உன் பழைய ரிம் பிரேக் கொடுத்த அதே அளவுக்கு வந்துவிட்டோம். கை இன்னும் நீளமானால் இன்னும் குறையும். காலிப்பர் மேலே இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்ற கவலையும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது கையின் நுனி கீழ்நோக்கி அழுத்தும். அதனால் கையைக் குழாயின் மேல்பக்கம் வை; குழாயே தாங்கட்டும், பட்டி இடம் மாறாமல் பிடித்தால் போதும். நடுவே அகலமாக ஒரு ரப்பர் துண்டு கொடு. இத்தனை தெளிவான ஒரு ஏற்பாட்டை விட்டுவிட்டு ஏன் எல்லோரும் காது ஒட்ட ஓடுகிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. விசைப்படம் வரையாமல் வெல்டிங் ராடைத் தொடுவது இந்தத் தலைமுறையின் வழக்கமாகிவிட்டது. கைப்பேசிக் காணொளியில் சைக்கிள் நிற்பது தெரியும், விரிசல் தெரியாது.

ஹப்பும் மாற வேண்டும். டிஸ்க்கை 6 திருகில் பிடிக்கும் ஹப் வாங்கு. பிரேமில் பின் அச்சு உட்காரும் பின்வாயின் உள்ளகலம் 135 மில்லிமீட்டர் இருந்தால் அதே அளவு ஹப் கிடைக்கும். தகட்டின் கனத்துக்கு இடம் வேண்டும் என்பதை மறக்காதே, அச்சின் இடது நட்டுப் பக்கம் வாஷரைக் குறைத்தால் சரியாகும். ஹப்பின் துளை எண்ணிக்கை உன் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். சக்கரக் கம்பிகளின் நீளம் மாறும், அதைக் கம்பி பின்னுகிறவர் அளந்துகொள்வார். ஆனால் இடது பக்கக் கம்பிகளை நேராகப் போட்டுத் தர விடாதே, குறுக்கே பின்னியே ஆக வேண்டும். ரிம் பிரேக் இருந்தவரை நிறுத்தும் விசை ரிம்மிலேயே பிறந்தது. இனி ஹப்பில் பிறந்து கம்பி வழியாக ரிம்முக்குப் போக வேண்டும். நேர்க்கம்பிக்கு முறுக்கைத் தாங்கத் தெரியாது. ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் சாய்கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியது இதற்காகத்தான். ஆர்ச்சிபால்ட் ஷார்ப் 1896இல் எழுதிய சைக்கிள் நூலிலும், ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981இல் சக்கரத்துக்கென்றே எழுதிய நூலிலும் இதன் கணக்கு இருக்கிறது. ஷார்ப்பின் நூல் பழையது, அலகுகள் அங்குலமும் பவுண்டும். ஆனாலும் ஒரு சைக்கிள் பாகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அதைவிடப் பொறுமையாகச் சொன்ன புத்தகத்தை நான் படித்ததில்லை. உனக்குத் தருகிறேன், ஓரங்களில் எழுதாமல் படிக்க வேண்டும்.

பிரேக் கைப்பிடி வி-பிரேக்கினுடையது என்றால் மலைச் சைக்கிளுக்கான, கேபிளால் இழுக்கும் டிஸ்க் காலிப்பருக்கு அதுவே பொருந்தும். அதற்கு முந்திய கான்டிலீவர் கைப்பிடி கேபிளைக் குறைவாக இழுக்கும், மாற்றிவிடு.

இவ்வளவையும் ஒரே ஒரு சக்கரத்துக்குத்தான் செய்ய முடியும் என்று பணம் கட்டுப்படுத்தினால், முன் சக்கரத்துக்குச் செய். டிஸ்க் காதோடு வார்த்த போர்க் ஒன்று வாங்கி மாற்றினால் தகடும் வேண்டாம், கையும் வேண்டாம். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது.

பின்னுக்குத்தான் வேண்டும் என்றால், பின்வாயின் உள்ளகலம், இடது படுகுழாயின் விட்டம், அச்சின் தடிமன், ரிம்மின் துளை எண்ணிக்கை ஆகிய நான்கையும் வெர்னியர் வைத்து அளந்து எழுது. தகட்டுக்கு வரைபடம் போட்டு அனுப்புகிறேன். அது வரும்வரை வி-பிரேக்கைக் கழற்ற வேண்டாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்