ஊரோடி மக்கள் எங்கிருந்து வந்தார்கள்?

கேள்வி: அயர்லாந்தில் குதிரை வண்டியையே வீடாக்கி ஊர் ஊராகச் சுற்றும் மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்களாமே, உண்மையா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: இல்லை. இந்தியாவிலிருந்து போனவர்கள் ரோமா மக்கள். நீங்கள் கேட்கும் ‘ஐரிஷ் டிராவலர்கள்’ அசல் அயர்லாந்துக்காரர்களே. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் நிலத்தை இழந்து தெருவுக்கு வந்தவர்களின் வாரிசுகள் என்றுதான் பலரும் சொல்லிவந்தார்கள். 2017இல் வெளியான மரபணு ஆய்வு அதைப் பொய்யாக்கியது. மற்ற ஐரிஷ் மக்களிடமிருந்து இவர்கள் பிரிந்து சுமார் 360 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பஞ்சக் கதை அரசுக்கு வசதியாக இருந்தது. நொடித்துப்போன குடியானவர்கள்தானே, வீடு கொடுத்து ஊரோடு கரைத்துவிடலாம் என்ற நினைப்பில்தான் 1963ஆம் ஆண்டு அரசு ஆணையத்தின் அறிக்கையே எழுதப்பட்டது.

இவர்களுடைய பெயர்பெற்ற தொழில் தகர வேலை. சாலையோரம் முகாமிட்டு, தகட்டைக் கத்தரித்து, வளைத்து, விளிம்பை மடித்து, ஈயப் பற்று வைத்தால் குவளை தயார். வாளி, பால் கேன் எல்லாம் இப்படித்தான். ஓட்டைப் பாத்திரத்தையும் அடைத்துக் கொடுப்பார்கள். பெண்கள் அவற்றைப் பண்ணை வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்பார்கள். காசு இல்லாத வீட்டில் உருளைக்கிழங்கோ முட்டையோ கிடைக்கும். குதிரை வியாபாரமும் உண்டு, இசையும் உண்டு. முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இல்லன் பைப்பில் மேதையான ஜானி டோரன், குடும்பத்தோடு வண்டியில் சந்தை சந்தையாகப் போய் வாசித்தவர். 1947இல் பதிவு செய்த அவருடைய வாசிப்பை இன்றும் கேட்கலாம், கேளுங்கள்.

படங்களில் பார்க்கும் வளைகூரை வண்டி இவர்களுடைய பூர்விகச் சொத்து அல்ல. இங்கிலாந்து ஜிப்சிகளிடமிருந்து பிற்பாடு வந்தது. அதற்கு முன் வளைத்த குச்சிகள்மேல் துணி போர்த்திய கூடாரம்தான்.

கேள்வி: இப்போதும் அப்படித்தான் சுற்றுகிறார்களா?
– அதே வாசகர்

பதில்: மிகச் சிலரே. பிளாஸ்டிக் வாளி வந்ததும் தகர வேலை படுத்துவிட்டது; டிராக்டர் வந்ததும் பண்ணைக் குதிரைக்கு மவுசு போனது. அனுமதியில்லாமல் பிறர் நிலத்தில் வண்டியை நிறுத்தித் தங்குவதை 2002ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 2022 கணக்கெடுப்பில் இவர்கள் 32,949 பேர். பெரும்பாலோர் வீடுகளில் இருக்கிறார்கள். தனி இனக்குழு என்ற அங்கீகாரம் 2017 மார்ச் 1 அன்றுதான் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. குதிரையை மட்டும் விடவில்லை. அக்டோபரில் கால்வே மாவட்டத்து பாலினஸ்லோ சந்தைக்குப் போனால் பேரம் பேசுவதை நேரில் பார்க்கலாம்.